பெயர் எழுதிய பக்கம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஹட்டன் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள கடைக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். மாடியில் தனியாகக் கம்பியூட்டர் கடை நடத்துகிற பொம்பளைக்கு வாயும் இல்லையென்றால், படியேறி வருகிறவன் எல்லாம் முதலாளியாகிவிடுவான். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், பரீட்சை விண்ணப்பம், பழுதான லேப்டொப் எல்லாவற்றுக்கும் நான் ஒருத்திதான். வருகிறவர்களில் பாதிப் பேர் கொண்டுவருவது ஒரே முறைப்பாடு. படம் காட்டுதில்ல தனுஜா மிஸ். எழுத்தெல்லாம் பெட்டி பெட்டியா வருது மிஸ். பென்னுல ஒண்ணுமே இல்ல மிஸ்.

"ஒண்ணுமே இல்லைன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா என்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று ஆரம்பிப்பேன். ஏனென்றால் பெரும்பாலும் அது உள்ளேதான் இருக்கும். கொழும்பில் யாரோ தட்டிய தமிழ்க் கடிதத்துக்கு இங்கே எழுத்துரு இருக்காது, அதனால் கட்டம் கட்டமாகத் தெரியும். வைரஸ் ஏறிய பென் டிரைவ், உள்ளே இருப்பதையெல்லாம் ஒளித்து வைத்துவிட்டு ஒன்றுமில்லாதது மாதிரி நடிக்கும். டுபாயில் இருக்கிற மகன் புதுப் போனில் எடுத்து அனுப்பிய படம் பழைய லேப்டொப்புக்குப் புரியாது. எழுத்துருவைப் போட்டு, வைரஸைத் துரத்தி, படத்தை வேறு வகைக்கு மாற்றிக் கொடுத்தால் எல்லாம் வந்து நிற்கும். தெரியவில்லை என்பதற்காக இல்லை என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் கடையின் வேதவாக்கு. அதை வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். தவளையும் தன் வாயால் கெடும் என்று எனக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

வைரவன் அண்ணனும் அவர் மனைவி ஜெயலெட்சுமி அக்காவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அவருக்கு மருந்தடிக்கிற வேலை, அக்காவுக்குக் கொழுந்து பறிக்கிற வேலை. படியின் கடைசியில் நின்று இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள்.

"செருப்போட வாங்க, இது கோயில் இல்ல," என்றேன்.

அவர்கள் கழற்றிவிட்டுத்தான் வந்தார்கள். அக்கா மடியிலிருந்து ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து, மேசையில் வைக்க இடம் பார்த்தார். நான் என் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்த பிறகுதான் வைத்தார். துணிக்குள் ஒரு சீடி இருந்தது. இந்தக் காலத்தில் சீடி கொண்டு வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

"இதுல எங்க மூத்த புள்ள இருக்கா தங்கச்சி," என்றார் அக்கா. "பிரியந்தி."

விசயத்தை அவர் சொல்லச் சொல்ல என் எரிச்சல் போய்விட்டது. பிரியந்தி பெரியவளாகி ஒரு வருடத்துக்குள் மூளைக் காய்ச்சல் வந்து இறந்துபோனாள். பதினான்கு வயது. அதற்குப் பிறகு அவர்கள் குடியிருந்த லயம், அந்த வீட்டு வரிசையே, தீப்பிடித்து எரிந்தது. இருந்த அல்பம், பள்ளிக்கூடத்துப் படங்கள், அவள் எழுதிய கொப்பிகள், எல்லாம் ஒரே பகலில் போயின. சடங்குக்குப் படம் எடுத்த ஸ்டூடியோக்காரர் ஜெயகாந்தன் அதைக் கேள்விப்பட்டு, தன்னுடைய கம்பியூட்டரில் கிடந்த படங்களை ஒரு சீடியில் போட்டு, அதன் மேல் மார்க்கரால் 'பிரியந்தி' என்று எழுதி, தோட்டத்துக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். பிறகு அவரும் ஸ்டூடியோவை மூடிவிட்டு வெளிநாடு போய்விட்டார்.

"போட்டுப் பாக்கலியா இவ்வளவு நாளா?"

"லயத்துல யாருகிட்டயும் மெசின் இல்ல. அப்பறம் போன் வந்துச்சு, அதுல இத சொருக எடமில்ல," என்றார் வைரவன் அண்ணன். "உள்ள பத்தரமா இருக்கா, எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்னு இருந்துட்டோம் மிஸ்."

இப்போது தேவை வந்துவிட்டது. இளையவள் நிலக்ஷிக்குத் தை மாதம் கலியாணம், மாப்பிள்ளைக்கு ஊர் பூண்டுலோயா. கலியாணமாகாமல் இறந்த பெண் அந்த வீட்டுக்குக் கன்னித் தெய்வம். வீட்டில் நல்ல காரியம் வந்தால் முதலில் கன்னிக்குப் புதுச் சேலை வைத்து, பலகாரம் படைத்து, உத்தரவு கேட்க வேண்டும். எங்கள் வீட்டிலும் அத்தை ஒருத்திக்கு அப்படிச் செய்வார்கள், எனக்குத் தெரியும். ஆனால் நிலக்ஷி படம் வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறாளாம். பிரியந்தி இறந்தபோது அவளுக்குப் பல் விழுகிற வயது.

"மொகமே தெரியாம யார்கிட்டம்மா நான் உத்தரவு கேக்குறதுன்னு கேக்குறா," என்றார் ஜெயலெட்சுமி அக்கா. பிறகு கணவரைப் பார்க்காமல் என்னிடம் மட்டும் சொல்வதுபோலச் சொன்னார். "அவள ஏன் சொல்லணும். எனக்கே இப்ப கனவுல வாறப்ப மொகம் வர்றதில்ல. சடை தெரியுது, பாவாடை தெரியுது. மொகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல தங்கச்சி."

மேசைக்கடியில் கிடந்த பழைய பெட்டிக் கம்பியூட்டரை இழுத்துத் தூசி தட்டினேன். சீடி போடுகிற தட்டு அதில் மட்டும்தான் இருந்தது. சீடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பளபளப்பான பக்கம் சுத்தமாக இருந்தது. பெயர் எழுதிய பக்கம் மஞ்சள் ஏறி, எழுத்து பாதி அழிந்து கிடந்தது. துணியின் சாயம் என்று நினைத்தேன். உள்ளே தள்ளினேன். கொஞ்ச நேரம் முனகிவிட்டுக் கோப்புகளின் பெயர்கள் திரையில் வந்து வரிசையாக நின்றன. பிரியந்தி ஒன்று, பிரியந்தி இரண்டு என்று இங்கிலீஷ் எழுத்தில் கீழே வரை போயின.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.

"இந்தா பாருங்கக்கா, வரிசையா நிக்குது. உங்க புள்ள உள்ளதான் இருக்கா. நான் எடுத்துத் தாறேன்."

அக்கா எழுந்து வந்து, திரையில் அந்தப் பெயர்களின் மேல் உள்ளங்கையை வைத்து, கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வைரவன் அண்ணன் கதவுப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

முதல் படத்தைத் தட்டினேன். திறக்கவில்லை. இரண்டாவதும் திறக்கவில்லை. பெட்டி கரகரவென்று சத்தம் போட்டது. மெசின் பழசு, வேறொன்றில் போட்டுப் பார்க்க வேண்டும், வைத்துவிட்டுப் போங்கள் என்றேன். சீடியை விட்டுப் போக அக்காவுக்கு மனமில்லை.

"வெள்ளிக்கெழமைக்குள்ள கெடைக்குமா தங்கச்சி?"

"கலியாணம் தையிலதானே. வெள்ளிக்கெழமைக்கு என்ன அவசரம்?"

"இல்ல, வெள்ளிக்கெழம அது வீட்டுல இருக்கணும்."

எனக்குப் பொறுமை போதாது. ஏன் என்று கேட்கவில்லை. வியாழக்கிழமை வரச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

சீடி தட்டின் கண்ணாடியைத் துடைத்தேன். மற்றக் கடைகளில் கெஞ்சி இன்னும் இரண்டு தட்டுகள் வாங்கி மாற்றினேன். படிக்க முடியாத இடத்தை விடாமல் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிற ஒரு மென்பொருளை இறக்கி ஓடவிட்டேன். பளபளப்பான பக்கத்தில் கீறல் இருக்குமோ என்று பற்பசை தேய்த்து மினுக்கினேன். கடைக்கு வந்தவர்களை வழக்கத்தைவிட அதிகமாகத் திட்டினேன். பெயர்கள் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒழுங்காக வந்தன. பெயரைத் தட்டினால் ஒன்றும் இல்லை.

ஜெயகாந்தனின் நம்பரை அலைந்து பிடித்துப் பேசினேன். நல்ல மனிதர், பிரியந்தியை ஞாபகம் இருந்தது அவருக்கு. சடங்கு வீட்டில் அந்தப் பிள்ளை சிரிக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததைக்கூடச் சொன்னார். ஆனால் கம்பியூட்டரை எல்லாம் அழித்துச் சுத்தமாக்கி விற்றுவிட்டுத்தான் பயணமானாராம்.

"சீடி குடுத்தாச்சேன்னு இருந்துட்டேன் மிஸ்," என்றார். அவரை என்ன சொல்வது.

செவ்வாய்க்கிழமை கொழும்பிலிருந்து நிலக்ஷி போன் எடுத்தாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலை. "அக்கா தெரியுறாளா மிஸ்?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "தெரிஞ்சா எனக்குத்தான் மொதல்ல அனுப்பணும்," என்றாள். சரி என்றேன். அந்தப் பிள்ளையின் குரலில் அவ்வளவு சந்தோசம். போனை வைத்துவிட்டு மென்பொருளை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன்.

புதன்கிழமை மத்தியானம் ஒரு படம் பாதி வந்தது. மேலே கலர்த் தாள் தோரணம், அதற்குக் கீழே சீலை கட்டி மறைத்த சுவர், அதற்குக் கீழே ஒரு தலை. நடுவகிட்டில் சுட்டியின் சங்கிலி, இரண்டு பக்கமும் மல்லிகைச் சரம். நெற்றி தொடங்குகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. அதற்குக் கீழே ஒரே சாம்பல் நிறம். இன்னும் வரும், இன்னும் வரும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

கோபத்தில் சீடியை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அப்போதுதான் அது தெரிந்தது. பெயர் எழுதிய இடத்தில், விரல் நுனி அளவில், வெள்ளிப் பூச்சே இல்லை. அந்த வட்டம் வழியாகக் கீழே நின்ற அக்கரப்பத்தனை பஸ் தெரிந்தது. சுற்றிலும் இன்னும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியாக ஒளி வந்தது. எல்லாரும் பளபளப்பான பக்கத்தைத்தான் பொத்திப் பொத்திப் பிடிப்பார்கள். உண்மையில் படங்கள் பதிந்திருக்கிற பூச்சு பெயர் எழுதுகிற பக்கத்தில்தான், மெல்லிய வார்னிசுக்கு அடியில் இருக்கிறது. சீடி சுற்றுகிற ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஓட்டை குறுக்கே வருகிறது. பெயர்ப்பட்டியல் உள்வட்டத்தில் இருந்ததால் அது மட்டும் தப்பிவிட்டது. தெரியாமல் ஒளிந்துகொள்ள அதில் ஒன்றும் இல்லை. பூச்சு போனால் போனதுதான். என் வேதவாக்கு அத்தோடு செத்தது.

அதைவிட்டுத் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் நான் சொன்ன சொல் என்னை விடவில்லை. கிடைத்ததை வைத்து மீதியை ஊகித்துப் படம் பண்ணிக் கொடுக்கிற செயலிகள் இப்போது போனிலேயே வந்துவிட்டனவே. நிலக்ஷியிடம் அவளுடைய படத்தை வாங்கி, அந்தப் பாதிப் படத்தையும் கொடுத்து, பதினான்கு வயதுக்கு ஒரு முகம் கேட்டேன். கொடுத்தது. சுட்டி, மல்லிகை, பெரிய கண்கள், மெல்லிய சிரிப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்கள். அக்கா சுத்தமான சேலை கட்டி, தலையில் பூ வைத்திருந்தார். மகளைப் பார்க்க வருகிறவர் வேறெப்படி வருவார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன். படங்கள் இல்லை, ஒரே ஒரு படத்தில் பாதி மட்டும் வந்தது என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பாதிப் படத்தைத் திரையில் போட்டேன். அக்கா குனிந்து வெகு நேரம் பார்த்தார்.

"எங்க அண்ணி சடை பின்னிவிட்டது. அந்தச் சுட்டி இரவல் வாங்குனது," என்றார். பிறகு அந்தச் சாம்பல் நிறத்தைக் காட்டிக் கேட்டார். "இதுக்குக் கீழதானே மொகம்?"

"ஆமாக்கா."

"கொஞ்சம் கீழ எறக்க ஏலாதா?"

"ஏலாதுக்கா. அதுக்குக் கீழ இல்ல."

அவர் இன்னும் குனிந்தார், கீழிருந்து பார்த்தால் தெரியும் என்பது மாதிரி. என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுத்து நான் பண்ணிய படத்தை நீட்டினேன். இது கம்பியூட்டர் தானாகப் போட்ட முகம், நிலக்ஷியின் சாயலை வைத்துப் போட்டது, சும்மா பாருங்கள் என்றேன்.

அக்கா போனை இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். அது இல்லை என்று ஒரு பார்வையில் சொல்லிவிடுவார், நானும் அழித்துவிடலாம் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. போனைக் கணவர் பக்கம் திருப்பினார்.

"இங்க பாருங்க. இவதானா?"

வைரவன் அண்ணன் பார்த்தார்.

"கண்ணு இப்பிடித்தான் இருக்கும்... இல்ல. நம்ம புள்ளைக்கு நாடி கொஞ்சம்..." என்று தன் மோவாயைத் தொட்டுப் பார்த்தார். "தெரியலியே ஜெயா."

பெற்ற இரண்டு பேரும் என் கடையில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அவ்வளவு பெரிய கொடுமையை நான் என் கையாலேயே செய்திருந்தேன். மகளின் முகம் மறந்துபோனது அவர்களுக்கு அதுவரை பாதிதான் தெரிந்திருந்தது. முழுதாகத் தெரிய வைத்தவள் நான்.

"அழிச்சிருங்க தங்கச்சி," என்றார் அக்கா, போனைத் திருப்பித் தந்து. "இத இன்னுங் கொஞ்சம் பாத்தா, உள்ள இருக்குற கொஞ்சநஞ்சமும் போயிரும்."

அவர் கண் முன்னாலேயே அழித்தேன். ஒரு நாற்காலியைப் போட்டேன், அக்கா உட்கார்ந்தார். அழவில்லை. சீடியைக் கேட்டார். கொடுத்தேன். மஞ்சள் துணியை மடியில் விரித்து, பெயர் எழுதிய பக்கம் மேலே வரும்படி அதை வைத்தார்.

"நாங்க நல்லாத்தானே பாத்துக்கிட்டோம்," என்றார். "சாமிப் படத்துக்குப் பக்கத்துல ஆணியடிச்சு மாட்டி வச்சோம். புள்ளைங்க யாரையும் தொட விடுறதில்ல. வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சத் தண்ணில கழுவித் தொடச்சு, சந்தனங் குங்குமம் வச்சு, வெளக்குக் காட்டுவேன். ஒரு வெள்ளி கூட தவறுனதில்ல. காச்சலா கெடந்தாலும் எந்திரிச்சு வச்சுட்டுத்தான் படுப்பேன்."

"எந்தப் பக்கம்க்கா வைப்பீங்க?"

"இதென்ன கேள்வி? பேரு எழுதுன பக்கம்தானே மொகம். பேருக்கு மேல, நெத்தி மாதிரி நெனச்சு வைப்பேன்."

குங்குமத்தில் சுண்ணாம்பு இருக்கிறது. மஞ்சளைச் சிவப்பாக்குவதே அதுதான். ஈரத்தோடு சேர்ந்த சுண்ணாம்பு, அந்த மெல்லிய வார்னிசில் விழுந்த கீறல் வழியாக இறங்கி, வெள்ளிப் பூச்சைத் தின்றிருக்கும். வாரா வாரம் கழுவித் துடைத்ததில் மிச்சமும் உரிந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பெண் ஒரு வெள்ளி தவறாமல் தன் மகளுக்குப் பொட்டு வைத்து வைத்தே அவளை அழித்திருக்கிறார். சும்மா ஒரு மூலையில் போட்டு மறந்திருந்தால் பிள்ளை இன்றைக்கு முழுசாக இருந்திருப்பாள்.

தேநீரைக் கொட்டிக் கணினியைக் கெடுத்தவர்களை, பென்னைச் சேலையோடு துவைத்தவர்களை எல்லாம் நான் எப்படிப் பேசியிருக்கிறேன் என்று ஹட்டனுக்கே தெரியும். அன்றைக்கு என்னிடம் ஒரு சொல்லும் வரவில்லை.

"எதனால தங்கச்சி போச்சு?" என்று அக்கா கேட்டார்.

"பழசாயிருச்சுக்கா. சீடின்னா அப்பிடித்தான். எத்தனையோ பேரோட சீடி இப்பிடிப் போயிருக்கு."

அக்கா தலையாட்டினார். பாதிப் படத்தையாவது பிரதி எடுத்துத் தரச் சொன்னார். சாம்பல் பகுதியை வெட்டிவிட்டு, நல்ல தாளில் எடுத்துக் கொடுத்தேன். தோரணம், மல்லிகை, சுட்டிச் சங்கிலி. அதை விரலால் தடவிக்கொண்டே வந்து அடி ஓரத்தில் நிறுத்தினார்.

"பொட்டு வைக்க நெத்தி இல்லியே," என்றார். "பரவால்ல. பொட்ட சீடியிலயே வச்சுக்குறேன். விடாம வச்சதுனாலதான் இந்தளவுக்காச்சும் மிஞ்சியிருக்கா போல."

"ஆமாக்கா," என்றேன்.

சீடியையும் படத்தையும் ஒன்றாகத் துணியில் முடிந்துகொண்டு அக்கா முதலில் படியிறங்கினார். வைரவன் அண்ணன் செருப்பைத் தேடுகிறவர் மாதிரி பின்தங்கி நின்றார். செருப்பு அவர் காலடியிலேயே கிடந்தது.

"குங்குமம் நான்தான் இங்க கடைத்தெருவுல வாங்கிட்டுப் போவேன் மிஸ்," என்றார், என்னைப் பார்க்காமல். "நல்லதா பாத்துத்தான் வாங்குவேன்."

எந்தப் பக்கம் என்று நான் கேட்டபோதே அவர் புரிந்துகொண்டிருக்கிறார்.

"இன்னைக்கும் வாங்கச் சொல்லியிருக்கா. நாளைக்கு வெள்ளிக்கெழம." செருப்புக்குள் காலை நுழைத்தார். "வாங்கட்டுமா?"

கீழே அக்கா பஸ் வந்துவிட்டது என்று கூப்பிடுவது கேட்டது.

"வாங்குங்கண்ணே," என்றேன். "இனி கெட்டுப்போக அதுல ஒண்ணும் இல்ல."